நாற்காலியா, சிற்பமா? ஹாரி பெர்டோயாவின் கம்பி வேலைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

2024 அக்டோபர் 24 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு நாற்காலி வழக்கில் தீர்ப்பு சொன்னது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி உருவாக்கிய நாற்காலியின் உரிமையை வைத்திருக்கும் விட்ரா நிறுவனம் ஒரு பக்கம். அதே சாயலில் ஒரு நாற்காலியை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் விற்ற குவான்டம் என்ற கடைத்தொடர் மறுபக்கம். அமெரிக்காவில் பிறந்த ஒரு பயன்பாட்டுக் கலைப்பொருளுக்கும் ஐரோப்பாவில் பதிப்புரிமை கேட்கலாம், அது எந்த நாட்டில் பிறந்தது என்பதைக் காட்டி அதை மறுக்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

செய்தியைப் படிப்பவருக்கு உடனே வரும் சந்தேகம் ஒன்றுதான். கதைக்கும் பாட்டுக்கும் கொடுக்கிற பதிப்புரிமையை உட்காருகிற நாற்காலிக்கு எப்படிக் கொடுப்பது? நாற்காலி எந்த இடத்தில் கலையாகிறது?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கச் சிற்பியும் வடிவமைப்பாளருமான ஹாரி பெர்டோயாவின் பட்டறையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 1915இல் பிறந்து 1978இல் மறைந்த அவர், உலோகத்தையும் பற்றவைப்பையும் வைத்து மூன்று வேறுபட்ட பொருள்களைச் செய்தார்: நாற்காலி, வங்கிக் கட்டடத்துக்குள் நிற்கும் உலோகத் திரை, தொட்டால் ஒலிக்கும் சிற்பம். கை ஒன்று, பட்டறை ஒன்று. ஆனால் மூன்றின் தலையெழுத்தும் மூன்று விதம். அந்த வேறுபாடு வந்தது அழகிலிருந்தல்ல. யார் வாங்கினார்கள், எங்கே வைத்தார்கள், எந்தச் சட்டம் அதைத் தொட்டது என்பதிலிருந்து.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

1. ஸ்டுடியோ ஃபர்னிச்சர்: வடிவமைப்பவரே தன் பட்டறையில், தன் கையாலோ சில உதவியாளர்களோடோ, ஒன்றிரண்டாகச் செய்யும் அறைகலன். தொழிற்சாலை உற்பத்திக்கும் ஊர்த் தச்சர் வேலைக்கும் நடுவில் இருப்பது. அமெரிக்காவில் இதற்குப் பெயர்போன பகுதி பென்சில்வேனியாவின் கிழக்குப் பக்கம். வார்ட்டன் எஷெரிக் பாவோலியில் மரத்தைச் செதுக்கினார். ஜார்ஜ் நாகஷிமா நியூ ஹோப்பில் மரப் பலகையின் இயற்கையான ஓரத்தை அப்படியே விட்டு மேசை செய்தார். அதே நியூ ஹோப்பில் பால் எவன்ஸ் அலமாரிக் கதவுகளில் இரும்பைப் பற்றவைத்துப் புடைப்புச் சிற்பமாக்கினார். பெர்டோயாவின் பட்டறை இருந்த பாலி என்ற சிற்றூரும் அந்த வட்டாரத்தில்தான்.

2. பயன்பாட்டுக் கலை: விளக்கு, நாற்காலி, கோப்பை என்று ஒரு வேலைக்குப் பயன்படும் பொருளில் இருக்கும் கலை.

3. காப்புரிமை: ஒரு பொருள் வேலை செய்யும் விதத்துக்கு, அதாவது கண்டுபிடிப்புக்கு, குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குத் தரப்படும் தனியுரிமை.

4. வடிவமைப்பு உரிமை: பொருளின் தோற்றத்துக்கு, பெரும்பாலும் பதிவு செய்தால் மட்டும் கிடைப்பது. இதுவும் குறுகிய காலம்தான்.

5. பதிப்புரிமை: படைப்புக்குத் தானாகவே கிடைப்பது. பல நாடுகளில் படைத்தவரின் ஆயுள், அதற்குப் பிறகு 70 ஆண்டுகள். இந்தியாவில் ஆயுளும் 60 ஆண்டுகளும்.

6. தார்மீக உரிமை: படைப்பை விற்ற பிறகும் படைத்தவரிடமே தங்கும் உரிமை. அவர் பெயரை மறைக்கக் கூடாது, படைப்பைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை.

பட்டறைக்கு வந்த வழி

பெர்டோயா பிறந்தது இத்தாலியின் ஃப்ரியூலிப் பகுதியில். 1930இல், பதினைந்து வயதில், டெட்ராய்ட்டில் இருந்த அண்ணன் ஓரெஸ்டேயைப் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்டார். காஸ் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் நகை செய்யக் கற்றார். 1937இல் உதவித்தொகையில் க்ரான்புரூக் கலை அகாதெமிக்குப் போனார். 1939இல் அங்கே மூடிக்கிடந்த உலோகப் பட்டறையைத் திறந்து நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. சார்ல்ஸ் ஈம்ஸ், கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென், பிறகு ஃப்ளாரன்ஸ் நோல் ஆன ஃப்ளாரன்ஸ் ஷுஸ்ட் எல்லாரும் அந்த வளாகத்தில்தான் அவருக்குப் பழக்கமானார்கள். போர்க்காலத்தில் உலோகம் கிடைப்பது கஷ்டமானதும் பெரிய வேலைகளை விட்டு நகைகளில் இறங்கினார். ஈம்ஸ் தம்பதியின் திருமண மோதிரத்தைச் செய்ததும் அவர்தான்.

1943இல் கலிஃபோர்னியாவுக்குப் போய் ஈம்ஸின் குழுவில் சேர்ந்தார். ஒட்டுப்பலகையை வளைத்து நாற்காலி செய்யும் ஆராய்ச்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. பற்றவைப்பையும் அந்தக் காலத்தில்தான் முறையாகக் கற்றார். 1946இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்த நாற்காலிகளைக் காட்சிக்கு வைத்தபோது தலைப்பில் சார்ல்ஸ் ஈம்ஸின் பெயர் மட்டும் இருந்தது. குழுவில் இருந்த மற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை, பெர்டோயாவுக்கும்தான். அவர் விலகினார். பிறகு கடற்படையின் மின்னணு ஆய்வகம் ஒன்றில் வேலை. மனித உடல் கருவிகளோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்கும் பிரிவு அது. நாற்காலி செய்யப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா என்ன!

1950இல், நோல் என்ற அறைகலன் நிறுவனத்தை நடத்திய ஹான்ஸ் நோல், ஃப்ளாரன்ஸ் நோல் தம்பதி அவரைப் பென்சில்வேனியாவுக்கு அழைத்தார்கள். நாற்காலிதான் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விருப்பப்படி உலோகத்தில் வேலை செய்யலாம். நிறுவனத்துக்குப் பயன்படும் ஏதாவது கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம், பெயர் அவருடையதாகவே இருக்கும். முந்தைய இடத்தில் எதற்காக மனக்கசப்பு வந்ததோ அது இந்த ஏற்பாட்டில் முதலிலேயே தீர்ந்துவிட்டது.

வைர நாற்காலி எப்படி நிற்கிறது?

1952 கடைசியில் நோல் வெளியிட்ட கம்பி நாற்காலி வரிசையில் எல்லாருக்கும் தெரிந்தது 'டயமண்ட்' நாற்காலி. அகலமான இருக்கை, இரண்டு பக்கமும் சிறகுபோல் விரியும் கைப்பிடிகள், முழுக்கக் கம்பி வலை. பார்க்க எளிமையாக இருக்கும். ஆனால் அதற்குள் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

ஒரு பந்தைக் காகிதத்தால் போர்த்தினால் காகிதம் கசங்கும். துணியால் போர்த்தினால் படிந்து உட்காரும். துணியில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் நூல்கள் நீளவில்லை, ஆனால் அவற்றுக்கு இடையிலுள்ள சிறு சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரங்களாகின்றன. பெர்டோயாவின் வலையும் அப்படித்தான். சதுரக் கட்டங்களாக எண்ணிய வலையை இரண்டு திசையிலும் வளைந்த இருக்கையாக மாற்றும்போது, எங்கே வளைவு அதிகமோ அங்கே கட்டங்கள் வைர வடிவத்துக்கு இழுபடுகின்றன. பெயருக்கேற்ற அந்த உருவம் கண்ணுக்கு அலங்காரமாகத் தெரிகிறது. உண்மையில் அது வளைவு கேட்ட விலை.

இனி அது ஆளைத் தாங்கும் விதம்:

1. ஒரு பக்கம் மட்டும் வளைந்த தகடு எளிதில் மடங்கும். இரண்டு பக்கமும் வளைந்த ஓடு மடங்காது. மெல்லிய கம்பியாக இருந்தும் இருக்கைக்கு விறைப்பு வருவது இந்த இரட்டை வளைவால்தான்.

2. கம்பிகள் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியும் ஸ்பாட் வெல்டிங்கில் பிடிக்கப்படுகிறது. இரண்டு மின்முனைகள் கம்பிகளை அழுத்திப் பிடிக்க, மின்சாரம் பாயும்; தொடும் இடத்தின் மின்தடையால் அங்கே மட்டும் சூடேறி உலோகம் ஒன்றாகும். இதற்குத் தனியாக நிரப்புக்கம்பி வேண்டாம்.

3. சதுரக் கட்டம் தன்னளவில் சாயக்கூடியது, முக்கோணத்தைப் போல உறுதியானதல்ல. அந்தச் சாய்வைப் பூட்டுவது ஓரக்கம்பி. எல்லாக் கம்பிகளின் நுனியும் அதில் வந்து முடிகின்றன.

4. இருக்கை, கால்கள் உள்ள சட்டத்தோடு விறைப்பாகப் பற்றவைக்கப்படாமல், ரப்பர் வைத்த இணைப்பில் உட்காருகிறது. அதனால் சாயும்போது லேசாக அசைந்து கொடுக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நவீனத் தொழிற்சாலையின் அடையாளமாகப் புத்தகங்களில் வரும் இந்த நாற்காலியை இயந்திரத்தால் முழுக்கச் செய்யும் வழி கிடைக்கவில்லை. கம்பிகளைக் கையால் வளைத்து, ஜிக் எனப்படும் பிடிச்சட்டத்தில் அடுக்கி, அப்புறம் பற்றவைப்பதுதான் சரிப்பட்டது. ரிச்சர்ட் ஷுல்ட்ஸ் போன்ற நோல் நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர்கள் இந்த வேலையில் பெர்டோயாவோடு இருந்தார்கள். ஆக, இது தொழிற்சாலைப் பொருளா, ஸ்டுடியோப் பொருளா என்று கேட்டால் நேரான பதில் இல்லை. ஸ்டுடியோவில் பிறந்த கைவேலை, தொழிற்சாலையின் எண்ணிக்கையில் தொடர்ந்தது என்று சொல்லலாம்.

இந்த நாற்காலிகளில் பெரும்பகுதி காற்றுதான், வெளி அவற்றின் ஊடாகப் போகிறது என்று பெர்டோயா சொன்னது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அது வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சுவரோரம் வைத்தால் அந்த நாற்காலி சுவரை மறைக்காது. வெயில் பட்டால் தரையில் இன்னொரு வலை விழும். சிற்பி ஒருவர் வெளியைப் பற்றி யோசிப்பதைத்தான் அவர் இருக்கையிலும் செய்தார்.

ஓரக்கம்பித் தகராறு

முதலில் செய்த மாதிரியில் இருக்கையின் ஓரத்துக்கு இரண்டு மெல்லிய கம்பிகள் இருந்தன. ஒன்று வலைக்கு மேலே, ஒன்று கீழே. நடுவில் வலைக்கம்பிகளின் வெட்டுநுனிகள் சிக்கிக்கொள்ளும். நுனி வெளியே நீட்டாது, துணி கிழியாது, கை கீறாது. நல்ல தீர்வு. ஆனால் இதே இரட்டைக்கம்பி ஓரத்தை ஈம்ஸ் தம்பதியின் கம்பி நாற்காலியும் கொண்டிருந்தது. ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1951இலேயே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் அவர்கள் பக்கம்.

பழைய நண்பர்கள், ஒரே பட்டறையில் ஒன்றாகத் தலையை உடைத்துக்கொண்டவர்கள். யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம் என்பது என் கணிப்பு. சட்டத்துக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது, யார் பெயரில் பத்திரம் இருக்கிறது என்றுதான் அது பார்க்கும். ஹெர்மன் மில்லர் வென்றது. நோல் ஓரத்தை மாற்றியது.

மாற்றிய விதம் கவனிக்கத்தக்கது. இரட்டைக் கம்பிக்குப் பதில் தடித்த ஒற்றைக் கம்பி. வலைக்கம்பிகளின் நுனிகள் அதன்மேல் வந்து பற்றவைக்கப்பட்டு, பிறகு ஒவ்வொரு நுனியும் சாய்வாகக் கிரைண்டிங் செய்யப்பட்டு, விரலை ஓட்டினால் பிசிறு தட்டாதபடி வழவழப்பாக்கப்படுகிறது. ஒரு நாற்காலிக்கு எத்தனை நுனி என்று எண்ணிப் பார்த்தால் அதில் எவ்வளவு கைவேலை சேர்ந்தது என்பது புரியும். இன்றுவரை அப்படித்தான் செய்கிறார்கள். ஆக, இன்று அருங்காட்சியகத்தில் 'அழகான ஓரம்' என்று பார்க்கப்படுவதில் ஒரு பங்கு வக்கீல்களுடையது.

நாற்காலிகள் உடனே விற்றன. நோல் அவற்றுக்காகத் தந்த தொகை, ஐம்பதுகளின் நடுவிலேயே பெர்டோயாவை அறைகலன் வேலையிலிருந்து விடுவித்தது. அதற்குப் பிறகு அவர் பெரிய அளவில் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை, முழுநேரச் சிற்பியானார்.

வங்கிக்குள் நின்ற சுவர்

1954இல் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில், 510ஆம் எண்ணில், மேனுஃபேக்சரர்ஸ் டிரஸ்ட் வங்கியின் கிளை திறந்தது. வடிவமைத்தவர் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தின் கார்டன் பன்ஷாஃப்ட். அதற்கு முன் வங்கி என்றால் கல்தூணும் தடித்த சுவரும்தான். இது முழுக்கக் கண்ணாடிப் பெட்டி. பெட்டகக் கதவே தெருவில் போகிறவருக்குத் தெரியும்.

அந்தக் கண்ணாடிக்குள் தரைத்தளத்துக்கு அடுத்த மாடியில் பெர்டோயாவின் உலோகத் திரை: 70 அடி நீளம், 16 அடி உயரம், ஐந்து டன்னுக்கு மேல் எடை, சுமார் 800 தகடுகள். எஃகின் மேல் உருக்கிய பித்தளை, செம்பு, நிக்கல் போன்றவற்றை ஓடவிட்டுப் பூசும் முறையை அவர் கையாண்டார். அதனால் பரப்பு வழவழவென்று இல்லாமல் கரடுமுரடாகி, வெளிச்சத்தைப் பல கோணத்தில் திருப்பும். ஒரு தகடு முன்னே, ஒன்று பின்னே; தெருவிலிருந்து நடந்தபடி பார்த்தால் சுவர் அசைவதுபோல் இருக்கும்.

அடுத்த ஆண்டு எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் ஈரோ சாரினென் கட்டிய சிற்றாலயத்துக்கு இதே சிந்தனையின் மெல்லிய வடிவத்தைச் செய்தார். கூரைத் துளையிலிருந்து பலிபீடத்தின் பின்னால் இறங்கும் கம்பிகள், அவற்றில் சிறு சிறு உலோகத் தகடுகள். ஜன்னலில்லாத செங்கல் அறையில் மேலிருந்து இறங்கும் வெளிச்சம் இவற்றில் பட்டுச் சிதறும். அவருடைய வேலைகளில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் போய்ப் பார்க்கலாம்.

எல்லா இடத்திலும் வரவேற்பு இல்லை. 1955இல் டல்லாஸ் பொது நூலகத்துக்குச் செய்த திரையை நகர மேயரே திட்டினார். அது கழற்றப்பட்டு, கொஞ்சகாலம் கழித்துத் திரும்பி வந்தது.

நியூயார்க் வங்கித் திரைக்கு வந்த ஆபத்து வேறு மாதிரி. வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்து இணைந்து, கடைசியில் திரை ஜே.பி. மார்கன் சேஸின் சொத்தானது. கட்டடமோ வேறு ஆள்களிடம். 2010இல் கட்டடம் கைமாறி, வங்கி வெளியேறியது. போகும்போது தன் சொத்தான திரையையும் கழற்றி எடுத்துக்கொண்டது. கட்டடத்தின் வெளிப்புறத்துக்கு 1997 முதலே நகரின் பாரம்பரியச் சின்ன அந்தஸ்து உண்டு. உட்புறத்துக்கு அப்போது இல்லை. 2011 பிப்ரவரியில் உட்புறத்துக்கும் அந்தஸ்து வந்தபோது திரை உள்ளே இல்லை. பாதுகாப்பு ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் சமரசம் ஏற்பட்டு, வங்கியின் கடனாகத் திரை பழைய இடத்துக்கே திரும்பியது. அப்போது அங்கே நடந்தது ஒரு துணிக்கடை.

சுவர்போல் கட்டடத்தோடு சேர்ந்து யோசிக்கப்பட்ட ஒன்று, சட்டத்தின் கணக்கில் கழற்றி எடுத்துப் போகக்கூடிய தட்டுமுட்டுச் சாமான். சாமான் என்று பெயரெடுத்த நாற்காலியை யாரும் அழிக்க முடியாது, ஒன்று போனால் இன்னொன்று செய்வார்கள். ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள கலைப்படைப்புக்கு அந்த வசதி இல்லை. இந்தத் தலைகீழ் நிலைதான் பெர்டோயாவின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது.

சிகாகோவிலும் இதே கதை. 1975இல் ஸ்டாண்டர்ட் ஆயில் கட்டடத்தின் முன் நீர்த்தடாகத்தில் அவர் நிறுத்திய 11 ஒலிச்சிற்பங்கள், தொண்ணூறுகளில் அந்த முற்றத்தை மாற்றிக் கட்டியபோது கலைந்தன. சில பிறகு ஏலத்துக்குப் போயின.

ஒலிக்கும் கம்பிகள்

அறுபதுகளில் பெர்டோயா வேறு பக்கம் திரும்பினார். ஒரு கம்பி இன்னொன்றில் பட்டுக் கிளப்பிய ஒலி அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு கம்பி இப்படி ஒலித்தால் பத்துக் கம்பி எப்படி ஒலிக்கும், நூறு எப்படி? ஒரு கனமான உலோகத் தட்டில் வரிசையாகத் துளை போட்டு, கம்பிகளை நட்டு, அடியில் பற்றவைத்தார். கையால் வருடினாலோ காற்று அடித்தாலோ எல்லாம் சாய்ந்து ஒன்றோடொன்று மோதும். இந்த வகைச் சிற்பங்களுக்கும் அவற்றின் ஒலிக்கும் சேர்த்து 'சோனாம்பியன்ட்' என்று பெயர் வைத்தார்.

கம்பியின் நீளமும் தடிமனும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதற்கு இயற்பியலில் தெளிவான விதிகள் இருக்கின்றன:

1. அடியில் பிடித்து, மேலே விட்ட கம்பியின் சுருதி நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்தாயி மேலே போகும். வீணைத் தந்தியில் பாதி நீளத்துக்கு ஒரு ஸ்தாயிதான்.

2. அதே நீளத்தில் கம்பி இருமடங்கு தடித்தால் அதிர்வெண்ணும் இருமடங்கு. நுனியில் எடை சேர்த்தால் குறையும். பெர்டோயா பல சிற்பங்களில் கம்பி நுனியில் உருளைக் குமிழ்களை வைத்தது பார்வைக்காக மட்டுமல்ல.

3. தந்தியின் மேலொலிகள், அதாவது அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள், அந்த அடிப்படை ஒலியின் இரண்டு, மூன்று, நான்கு மடங்காக ஒழுங்காக வரும். கம்பியில் அடுத்த மேலொலியே சுமார் 6.27 மடங்கில் இருக்கிறது. ஒழுங்கற்ற இந்த இடைவெளியால்தான் அந்த ஒலி பாட்டுக் கருவியின் ஸ்வரமாக இல்லாமல் மணியோசைக்கு நெருக்கமாகக் கேட்கிறது.

4. கையால் வெட்டி நட்ட கம்பிகள் மயிரிழை வித்தியாசப்படும். கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருக்கும் பல ஒலிகள் சேரும்போது, ஏறி இறங்கும் விம்மல் உண்டாகும். அதைத் தவறு என்று அவர் சரிசெய்யவில்லை.

உலோகத் தேர்வும் இதில் அடக்கம். சாதாரண இரும்புக் கம்பியை அதிகம் சாய்த்தால் வளைந்தே நின்றுவிடும். அவர் விரும்பி எடுத்தவற்றில் ஒன்று பெரிலியம் செம்பு: செம்பில் இரண்டு சதவீதம் அளவுக்குப் பெரிலியம் கலந்து, சூடேற்றிப் பதப்படுத்தினால் சுருள்வில்லுக்கேற்ற வலு வரும். நன்றாகச் சாய்ந்து திரும்பி நிற்கும், ஒலியும் நீண்ட நேரம் நீடிக்கும்.

பென்சில்வேனியாவின் பார்ட்டோவில் தன் வீட்டுப் பக்கத்திலிருந்த பழைய களஞ்சியத்தைத் திருத்தி, இந்தச் சிற்பங்களை உள்ளே நிறுத்தி, மரக்கூரையிலிருந்து ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டு ராத்திரிகளில் பதிவுசெய்தார். அண்ணன் ஓரெஸ்டேயும் சேர்ந்துகொண்டார். 1970இல் முதல் இசைத்தட்டு. 1978இல் இன்னும் பத்து. 2015இல் இந்தப் பதினொன்றும் ஒரே தொகுப்பாக மறுபடி வெளிவந்தன.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பெரிலியத்தின் புகையும் தூசும் நுரையீரலுக்கு நஞ்சு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. செய்து முடித்த சிற்பத்தைத் தொடுவதில் ஆபத்து இல்லை. பற்றவைக்கும்போதும் தேய்க்கும்போதும்தான் ஆபத்து. பெர்டோயா 1978 நவம்பர் 6 அன்று, 63 வயதில், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். பட்டறையின் புகைதான் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. கம்பி வேலை செய்யும் பட்டறைகள் எங்கிருந்தாலும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெரிலியம் கலந்த உலோகத்தை அறியாமல் கிரைண்டரில் வைப்பவர்கள் இன்றும் இருக்கலாம்.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது?

இந்த மூன்று வகையையும் சட்டத்தின் முன் நிறுத்தினால் என்ன ஆகும்?

அமெரிக்கச் சட்டத்தில், பயன்படு பொருளிலிருந்து பிரித்து எண்ணிப் பார்க்கக்கூடிய கலைக்கூறுக்கே பதிப்புரிமை. வங்கித் திரை திறந்த அதே 1954இல், நடனமாடும் உருவச் சிலையை விளக்கின் அடிப்பாகமாக வைத்த வழக்கில், விளக்கானாலும் சிலை சிலைதான் என்றது உச்ச நீதிமன்றம். பெர்டோயா நாற்காலியில் அப்படிப் பிரிக்க எதுவும் இல்லை. வலையை எடுத்துவிட்டால் உட்கார இடமே இல்லை. கலையும் பயனும் எந்த அளவுக்கு ஒன்றாகக் கலந்திருக்கிறதோ அந்த அளவுக்குப் பதிப்புரிமை நழுவிப்போகிறது. மோசமான வடிவமைப்பில் மேலே ஒட்டிய பூவுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும். நல்ல வடிவமைப்புக்குக் கிடைக்காது. இது எனக்கு விசித்திரமாகவே படுகிறது. மிஞ்சுவது காப்புரிமையும் வடிவமைப்பு உரிமையும். ஐம்பதுகளில் பெற்றவை எப்போதோ காலாவதி. வணிகப் பெயரும் முத்திரையும் மட்டும் நகலெடுப்பவருக்குக் குறுக்கே வரலாம்.

ஐரோப்பா வேறு பாதையில் போகிறது. படைத்தவரின் சொந்த அறிவுப் படைப்பு என்று காட்ட முடிந்தால், நாற்காலியும் பதிப்புரிமைக்குள் வரும். முன்பு இதில் ஒரு ஓட்டை இருந்தது. பொருள் பிறந்த நாடு அதை வெறும் வடிவமைப்பாக மட்டும் பார்த்தால் நாமும் அப்படியே பார்க்கலாம் என்று பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை இடம் கொடுத்தது. 2024 தீர்ப்பு அடைத்தது அந்த ஓட்டையை. உறுப்பு நாடு ஒன்று தன் இஷ்டத்துக்கு அந்த விதியைக் காட்டி மறுக்க முடியாது. மாற்ற வேண்டுமானால் ஒன்றியத்தின் சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், நீதிமன்றம் ஒன்று பெர்டோயாவின் நாற்காலியைப் படைப்பு என்று ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில், அவர் இறந்த ஆண்டோடு 70 சேர்த்து 2048 முடிவுவரை அங்கே உரிமை நிற்கும். ஈம்ஸ் தம்பதியின் கூட்டுப் படைப்புக்கு, இருவரில் பின்னால், 1988இல், இறந்த ரேயின் கணக்கில், 2058வரை.

இந்தியாவில் நிலை நடுவில் இருக்கிறது. வடிவமைப்பைப் பதிவுசெய்தால் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டுகள், நீட்டித்தால் இன்னும் 5. பதிவுசெய்யத் தகுந்ததைப் பதிவுசெய்யாமல் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமையும் போய்விடும். சொந்தமாக வடிவமைத்து விற்கும் சிறு பட்டறைக்காரர்கள் பலருக்கு இந்த ஐம்பது கணக்கு தெரிந்திருப்பதில்லை.

கழற்றப்பட்ட திரைகளின் விஷயத்தில் இந்தியச் சட்டம் ஒரு படி முன்னே இருக்கிறது என்று சொல்லலாம். அமெரிக்காவில் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் வந்தது 1990இல். பயன்பாட்டுக் கலையை அது சேர்த்துக்கொள்ளவில்லை, ஏற்கெனவே விற்றுவிட்ட பழைய படைப்புகளையும் சேர்க்கவில்லை. பெர்டோயாவின் திரைக்கு அதனால் பயன் இல்லை. இந்தியாவிலோ, சிற்பி அமர்நாத் சேகலிடம் செய்து தரச் சொல்லி 1957இல் ஒப்படைக்கப்பட்டு, டெல்லி விஞ்ஞான் பவனில் நின்ற பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குப் போட்டார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம், சிற்பம் அரசின் சொத்தானாலும் அதைச் சிதைப்பது படைத்தவரின் தார்மீக உரிமையை மீறுவது என்று சொல்லி, மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது.

அசல் எது என்ற கேள்வி

நாற்காலியில் இதற்கு விடை ஓரளவு எளிது. நோல் இன்னும் உற்பத்தி செய்கிறது. அதன் முத்திரை இருக்கிறது. நகல்களில் ஓரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நுனிகளைச் சாய்வாகத் தேய்ப்பது நேரம் பிடிக்கிற வேலை, மலிவான பட்டறை முதலில் விடுவது அதைத்தான். முலாம் பூசிய பிறகும் பிசிறு கையில் தட்டும்.

சிற்பத்தில்தான் சிக்கல். பெர்டோயா தன் சிற்பங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்துப் போடவில்லை, அவர் வேண்டுமென்றே விட்டது அது. விளைவு, ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு கம்பிக் கொத்துக்கும் யார் வாங்கினார், எப்போது, ரசீது உண்டா, பழைய படத்தில் இருக்கிறதா என்று தோண்ட வேண்டியிருக்கிறது. உலோகக் கலவையையும் பற்றவைப்பு வந்த இடத்தையும் ஆராய்கிறார்கள். அவருடைய வேலைகள் அனைத்தையும் பட்டியலிடும் பணியை, மகள் செலியா 2013இல் தொடங்கிய அறக்கட்டளை செய்துவருகிறது. பெர்டோயாவின் மகன் வால் (Val), தானும் ஒலிச்சிற்பம் செய்பவர். அப்பாவின் வேலை எது, மகனின் வேலை எது என்று பிரிக்கும்போது ஆவணத்தை விட்டால் வேறு வழி குறைவு.